ஈயப் பற்றில் கை வைத்தவர்

1979 ஆகஸ்ட் 3 – 350
1991 ஜனவரி 19 – 25
2010 நவம்பர் 7 – 9,00,000
2011 அக்டோபர் 14 – 3,80,000

மீட்டர்காரரின் நோட்டில் அந்த ஒரு கிதாருக்கென்று இருந்தவை இந்த நான்கு வரிகள்தான். முதல் வரி வாங்கிய விலை. இரண்டாவது பழுதுபார்த்த கூலி. வலப்பக்கம் ‘கை வைத்தவர்’ என்று ஒரு கட்டம். அதில் 1991க்கு நேராக, ‘மாப்பிள்ளை?’

முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். யார் முத்திரையை உடைத்திருக்கிறார்கள், யார் கம்பியைத் திருப்பியிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதே பிழைப்பு. சந்தேகப்பட்ட மீட்டரின் உள்ளே ஊசியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வருவார். அடுத்த மாதம் கீறல் இல்லையென்றால் பாகத்தை மாற்றியிருக்கிறான், ஆள் அகப்பட்டான். அப்படிப் போன வீடுகளின் பரணிலிருந்து வாங்கிச் சேர்த்தவைதான் அவருடைய பதினொரு கிதார்களும்.

350க்கு வாங்கியது ஒன்பது லட்சம் பெறும் என்று 2010இல் ஒரு கடைக்காரர் சொன்னார். “எல்லாம் கம்பெனியிலேருந்து வந்தபடியே இருக்கணும். பெயின்ட், ஆணி, கம்பிக்கு அடியில சத்தத்தை வாங்குற பிக்கப், உள்ளே ஒயரை ஒட்ட வெச்ச ஈயப் பற்றுகூட. யாராவது கை வெச்சிருந்தா பாதி போச்சு.”

அன்றைக்கே அவர் நோட்டைப் புரட்டி, 1991இன் ‘மாப்பிள்ளை’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கை வைத்த ஒரே ஆள் தங்கையின் கணவர். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர். வேலை முடித்துத் தரும்போது கழற்றிய இரண்டு ஆணிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, “தூக்கிப் போட்டுடாதீங்க மச்சான், கிதார் பெட்டியிலேயே கெடக்கட்டும்” என்றவர். பழைய ஆணிக்கு இவ்வளவு அக்கறை எதற்கு? பெரியதாக எதையோ எடுத்ததை மறைக்கத்தானே? அதே 1991இல்தான் மாப்பிள்ளை சொந்தக் கடையும் போட்டார். தேதிகள் கச்சிதமாகப் பொருந்தின.

நேரே போய்க் கேட்டுவிட்டார்.

“பிக்கப்பை மாத்தினீங்களா மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “சந்தேகம்னா என் சட்டையைக் கழட்டிப் பாருங்க மச்சான். அந்தக் கிதாரை மட்டும் கழட்டிடாதீங்க.”

தங்கைக்குப் பொறுக்கவில்லை. “அவரு திருடுற ஆளா இருந்தா மொதல்ல உன் கண்ணைத்தாண்ணே திருடியிருக்கணும். வந்தா எங்க வீட்டுப் பீரோவைக்கூட அந்தக் கண்ணாலதானே துழாவுற!”

“நிபுணருக்கு அனுப்பப் போறேன். கடிதம் வரட்டும், அப்புறம் பேசு.”

“வரட்டும். அதுல அவரு பேரு இல்லேன்னா, எங்க வாசல்ல வந்து நின்னு சொல்லணும். அதுவரைக்கும் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.”

கழட்டிடாதீங்க என்றது அவர் காதில் குடைந்துகொண்டே இருந்தது. ஏன் கழற்றக் கூடாது? அனுப்புகிற இடத்தில் மட்டும் யோக்கியர்களா இருப்பார்கள்? கதவைத் தாழ்போட்டார். சூடுகோலால் ஈயத்தை உருக்கி, இரண்டு பிக்கப்பையும் எடுத்து, பின்பக்கம் ஊசியால் கீறினார். ஆணிகள், குமிழ்கள், கம்பி முறுக்கிகள் என்று மொத்தம் பதினேழு கீறல்கள். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பற்றவைத்து அனுப்பினார். இனி ஒருவனும் தன்னை ஏமாற்ற முடியாது.

முதல் கடிதம், பெட்டி வந்து சேர்ந்தது என்றது. இரண்டாவது, பரிசோதனை நடக்கிறது என்றது. கடைசிக் கடிதம் ஒரு பக்கம்.

“பிக்கப் இரண்டும் அசல். ஒருபோதும் மாற்றப்படவில்லை. பழைய பழுதுவேலை ஈயப் பற்றைத் தொடாமல், விவரம் தெரிந்தவர் செய்தது. அசல் ஆணிகளையும் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஆனால் மிகச் சமீபத்தில் யாரோ ஈயத்தை உருக்கி, பதினேழு பாகங்களில் ஊசியால் கீறியிருக்கிறார்கள். அதனால் இப்போதைய மதிப்பு 3,80,000. உங்களுக்கு யார் மேலாவது சந்தேகம் உண்டா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். தங்கை வீட்டு வாசலுக்கு இருபது நிமிட நடை. கிளம்பும் முன் நோட்டை எடுத்து, ‘மாப்பிள்ளை’க்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அடித்தார். நான்காவது வரியில் தொகையை எழுதி, ‘கை வைத்தவர்’ கட்டத்தில் ‘நான்’ என்று நிரப்பினார். வரியின் தொடக்கத்தில், கடிதம் கிடைத்த நாள்: 2011 அக்டோபர் 14.