பைத்தானுக்கு லாபம் சொல்லிக் கொடுத்த கதை

நேற்று எங்கள் கடலைக் கொல்லையில் என் ப்ரோக்ராம் செத்துப்போனது. ஆய வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்க!

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். பிளஸ் டூவோடு கல்யாணம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, புதுக்கோட்டையில் ஞாயிறுதோறும் நடக்கும் பைத்தான் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன்.

(பக்கத்து ரூமில் தையல் வகுப்பு இருக்கிறது, அங்கே போ என்று சொன்ன சொந்தக்காரர்கள் இந்தப் பதிவுக்கு லைக் போட வேண்டாம்.)

போன வாரம் சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிட்டு வாங்க. அத நீங்க ஓட்டக் கூடாது, வேற ஒருத்தர் ஓட்டணும். நடுவுல நிக்காம ஓடுறத வீடியோ எடுத்துட்டு வரணும். முடியாதவங்கள டைப்பிங் பேட்ச்சுக்கு மாத்திருவேன்."

சொல்லும்போது என்னையே பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. டைப்பிங் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் சேர்ந்தது பைத்தானுக்கு, மாறுவதாக இல்லை.

என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது கடலை எடுப்பு. சாயங்காலமானால் ஆளுக்கு ஆள் செடியிலிருந்து ஆய்ந்து வைத்த குவியலை மரக்காலில் அளப்போம். எத்தனை மரக்கால் என்பதை வைத்துத்தான் கூலி. செல்வி அக்காவும் கூடவே ஆய்கிறவர்தான், அளப்பதும் அவர்தான், ஊர்க்கதை பேசிக்கொண்டே அளப்பார். நடுவில் ஓர் எண் தாவிவிடும், உடனே சண்டைதான்!

ஆக, என் ப்ரோக்ராம் இதுதான். அக்கா சொல்லும் எண்ணை ஒருவர் போனில் இலக்கமாக அடித்துக்கொண்டே வர வேண்டும். ஏதாவது எண் விட்டுப்போனால் அது கண்டுபிடித்துச் சொல்லும்.

அடுப்படியில் வைத்து நூறு வரைக்கும் அடித்துப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது.

நேற்று சாயங்காலம் போனை என் நாத்தனார் கஸ்தூரியிடம் கொடுத்தேன். "அக்கா சொல்றது காதுல விழுந்த ஒடனே அப்படியே அடி" என்று சொல்லிவைத்தேன். என் வீட்டுக்காரர் அவருடைய போனில் வீடியோவை ஆன் செய்தார்.

செல்வி அக்கா முதல் மரக்காலை அள்ளிக் கொட்டினார்.

"லாபம்!"

ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு எழுத்து. ப்ரோக்ராம் காலி.

எங்கள் பக்கம் எதை அளந்தாலும் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் அளந்திருக்கிறேன். ப்ரோக்ராம் எழுத உட்கார்ந்ததும் அது எப்படி மறந்துபோனது என்று இன்னும் புரியவில்லை!

கஸ்தூரி முகம் வாடிவிட்டது. "நீங்கதானே அண்ணி காதுல விழுறத அப்படியே அடிக்கச் சொன்னீங்க? அதான் லாபம்னு அடிச்சேன்."

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒன்னுன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நல்லா இருக்கே! மொத மரக்கால ஒன்னுன்னு அளந்தா வெளங்குமாத்தா? ஒன் போனுக்காக நான் வாய மாத்த முடியாது."

வீட்டுக்காரர் வீடியோவை நிறுத்தினார். "பேசாம அந்த டைப்பிங்லயே சேந்துக்கயேன். அதுவும் கம்ப்யூட்டர்தானே?"

அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது.

"அக்கா, மத்தவங்களுக்கு அளங்க. ஒங்க குவியல மட்டும் கடைசியா வைங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கை விரித்து அங்கேயே உட்கார்ந்தேன்.

லாபம் என்று வந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள். ஒரே ஒரு 'இஃப்'. எழுதினேன், மறுபடியும் சிவப்பு! பைத்தான் மேலிருந்து கீழேதான் படிக்கும். வந்ததை எண்ணாக மாற்றும் வரி மேலே இருந்தது. என் 'இஃப்' வரைக்கும் அது வந்து சேரவே இல்லை. இடத்தை மாற்றினேன்.

நான் அடித்தால் ஓடியது. கஸ்தூரி அடித்தால் மட்டும் நின்றது! (ராசி என்றெல்லாம் நினைத்துவிட்டேன்.) பார்த்தால், கீபோர்டு காட்டுகிற வார்த்தையை அவள் தொடுகிறாள். அது லாபத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடுகிறது. நமக்கு அது ஒன்றுமில்லை, பைத்தானுக்கு அது வேறு வார்த்தை. ஓர இடைவெளியை வெட்டிவிடும் 'ஸ்ட்ரிப்' போன வாரம்தான் படித்தது, அதைப் போட்டேன்.

மிச்சம் இருந்தது செல்வி அக்காவின் குவியல் மட்டும். வீட்டுக்காரரை மறுபடி வீடியோவை ஆன் செய்ய வைத்தேன்.

"ம், சொல்லுங்கக்கா."

"லாபம்."

ஓடியது!

"ரெண்டு... மூணு..." அக்கா அளந்தபடியே யார் வீட்டு வளைகாப்பு பற்றியோ ஆரம்பித்துவிட்டார். "ஏழு... ஒம்போது..."

போன் கீச்சென்றது. கஸ்தூரி சத்தமாகப் படித்தாள்: "எட்டு எங்கே?"

அக்கா மரக்காலோடு அப்படியே நின்றார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். "அடியாத்தி! என் கடலையவே நான் ஒன்னு கூட்டிச் சொல்லிட்டேன், இது காட்டிக் கொடுக்குதே!"

இன்று வகுப்பில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சார் இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா அவங்களயே ஒன்னுன்னு சொல்லச் சொல்லியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே?"

"சார், பைத்தான மாத்த எனக்கு ஒரு சாயங்காலம் போதும். செல்வி அக்காவ மாத்த ஆயுசு பத்தாது."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். நான் பைத்தான் வகுப்பிலேயே இருக்கிறேன்!

சந்தோஷமாக உட்கார்ந்து அடுத்த பாடத்தைக் கவனித்தேன். லிஸ்ட், அதாவது வரிசையாக எண் போட்டு வைக்கிற பட்டியல். அதில் முதல் இடத்தை ஒன்று என்றும் சொல்லக்கூடாதாம், லாபம் என்றும் சொல்லக்கூடாதாம்.

பூஜ்யமாம்!

கொட்டுகிற முதல் மரக்காலுக்குப் பூஜ்யம் என்று செல்வி அக்காவிடம் போய்ச் சொல்ல, துணைக்கு யார் வருகிறீர்கள்?