மூன்று பேரில் இரண்டு பேர்

கம்ப்யூட்டருக்கு அறிவு புகட்டுகிற வேலை என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பானுப்ரியா உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து துவாக்குடி பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் செய்வது அந்த வேலைதான். இணையத்தில் கிடக்கிற செய்திகளையெல்லாம் கம்ப்யூட்டர் தானே படித்து, இன்னாருக்கு இன்னது நடந்தது என்று ஒவ்வொரு வரியாக எடுத்து வைக்கும். அது சரியா தவறா என்று இவள் அமுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு வரி. நாலு வருஷத்தில் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

ஒரே வரியை வெவ்வேறு ஊர்களில் மூன்று பேர் பார்ப்பார்கள். அதில் இரண்டு பேர் சொல்வதுதான் கம்ப்யூட்டருக்கு உண்மை. நமக்குத் தெரிந்தது தெரியாதது எல்லாம் அங்கே கணக்கில் வராது. செய்தியில் அப்படி எழுதியிருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி.

போன ஆனியில் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வரி வந்தது. ‘கண்டக்டர் அழகிரி குடிபோதையில் ஓடும் பஸ்ஸிலிருந்து விழுந்து இறந்தார்.’ அழகிரி அவளுடைய கணவர். இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தவர். பீடிகூடத் தொடாத மனிதர். எவனோ விசாரிக்காமல் எழுதியதை நாற்பது தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. சாவு வீட்டிலிருந்து யார் போய்ச் சண்டை போடுவது என்று அப்போது விட்டுவிட்டார்கள். இப்போது அவள் விடவில்லை. தவறு என்று அமுக்கினாள்.

சாயங்காலம் மேற்பார்வையாளர் கலையரசன் கூப்பிட்டார். மற்ற இரண்டு பேரும் சரி போட்டிருக்க, இவள் மட்டும் ஏன் மாற்றிப் போட்டாள் என்று கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனிதர்தான், குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்றதை நான் நம்பறேங்க. ஆனா அவர் குடிக்க மாட்டாருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

“எங்கயும் எழுதல சார். குடிக்காதவரைப் பத்தி யாரு சார் எழுதுவா?”

ரெண்டுக்கு ஒன்று. வரி உள்ளே போய்விட்டது.

பஸ்ஸில் நின்றபடி திரும்பும்போது அவளுக்கு ஒரே பயம்தான். மகள் யாழினி பத்தாவது படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் போனிடம்தான் கேட்பாள். ஒருநாள் அப்பாவைப் பற்றியும் கேட்பாள். அது இதைத்தான் சொல்லும். பிள்ளை மனசு நோகக் கூடாதென்று அந்தச் சாவைப் பற்றி வீட்டில் இவள் பேச்சே எடுத்ததில்லை. போன் முந்திக்கொள்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். “உங்கப்பா குடிச்சதே இல்லடி. எங்க என்ன போட்டிருந்தாலும் நம்பாத.”

யாழினி போனைக் கீழே வைத்தாள்.

“ஆறாவது படிக்கறப்பவே பாத்துட்டேன்மா. அதனாலதான் நீ அப்பாவைப் பத்திப் பேசறதே இல்லன்னு நெனச்சேன்.”