தம்பியின் போனில் எங்கள் வீட்டுக் கரண்ட்

மின்சார மீட்டரை மாற்றிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அதே பேச்சுதான். லாபு பக்கத்துத் தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளை விட்டு வந்தவர்கள்தாம் இங்கே பாதிப்பேர். புது மீட்டர் பழையதைவிட வேகமாக ஓடும் என்றார் எதிர்வீட்டுக்காரர். அது தலைவலி கொடுக்கும் என்றார் அவர் மனைவி. மீட்டர் வருவதற்கு முன்பும் அந்த அம்மாவுக்குத் தலைவலிதான். எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. நீலாய் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சுவரில் எது தொங்கினால் என்ன?

கருத்து இருந்தது தம்பிக்கு. அவன் கோலாலம்பூரில் இருக்கிறான். பில் அவன் பெயரில் வருகிறது, கட்டுவதும் அவன்தான். எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடியது என்பதை மறுநாள் கோடு கோடாகக் காட்டும் ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் என்னிடம் விசாரணை. நேற்று மத்தியானம் என்ன ஓடியது, வீட்டில் யார் இருந்தது? மத்தியானம் வீட்டில் இருப்பது அப்பா ஒருவர்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

அப்பாவுக்கு சுவிட்சை அணைக்கிற பழக்கம் கிடையாது. தோட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் கிடையாது. அங்கே சாயங்காலம் கரண்ட் தரும் தோட்டத்து இஞ்சின் ஓடினால் விளக்கு எரியும், நிறுத்தினால் அணையும். சுவிட்சைப் போட்டபடியே விட்டுவைத்தால்தான் கரண்ட் வந்தது தெரியும். அணைப்பது இஞ்சின்காரர் வேலை. இங்கேயும் அப்பா காத்தாடி, விளக்கு, டிவி எல்லாவற்றையும் ஓடவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பார். நான் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக அணைப்பேன். முணுமுணுத்துக்கொண்டுதான் அணைப்பேன்.

ஒருநாள் தம்பி என்னை விட்டுவிட்டு அப்பாவையே கூப்பிட்டான். கத்தவில்லை. தோட்டத்தில் காலை பெரட்டில் ஆட்களை நிற்கவைத்துப் பேர் வாசிக்கும் கணக்கெழுதுகிற கிராணி மாதிரி நிதானமாகத்தான் பேசினான். "நீங்க எதைப் போட்டாலும் இங்க எனக்குத் தெரியும்பா."

அப்பா, "சரிய்யா," என்றார்.

அதற்குப் பிறகு விசாரணை நின்றது. பகலில் கோடெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கிறதாம், வீடு இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறதாம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஐஸ் பெட்டியில் வைத்த மீன் நாறியபோதுகூடப் பெட்டி பழசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா எந்நேரமும் சோர்ந்து படுத்ததற்கு வெயில்மேல் பழியைப் போட்டேன்.

வேலை இல்லையென்று தொழிற்சாலையில் சீக்கிரம் அனுப்பிவிட்ட ஒரு நாளில்தான் விஷயம் தெரிந்தது. அப்பா பனியன் நனைந்து வாசல் தூணில் சாய்ந்து கிடந்தார். பேச்சு குழறியது. உள்ளே மெயின் சுவிட்சே இறக்கப்பட்டிருந்தது. எதை அணைப்பது, எதை விடுவது என்று புரியாமல், நான் காலையில் கிளம்பியதும் மொத்தமாக இறக்கிவிட்டு, நான் வருவதற்குள் ஏற்றிவிடுவாராம். அவர் சர்க்கரைக்குத் தானே ஊசி குத்திக்கொள்கிறவர். ஐஸ் பெட்டிக் கதவில் இருந்த இன்சுலினைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாளும் கெட்டுப்போன மருந்தைத்தான் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடனே வார்டில் சேர்த்தார்கள்.

அப்பா வீடு திரும்பிய அன்று தம்பி வந்திருந்தான். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான். பிறகு அவர் கண்முன்னாலேயே போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு, காத்தாடியை முழு வேகத்தில் வைத்தான். அவன் கார் முனை திரும்பியதும் அப்பா தட்டுத்தடுமாறி எழுந்துபோய்க் காத்தாடியை அணைத்தார்.

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "அதான் ஆப்பை எடுத்துட்டான்லப்பா," என்றேன்.

"போன்லேர்ந்துதானேம்மா எடுத்தான். மீட்டர் செவுத்துலதானே இருக்கு."

மனசு விட்டுப்போனது. நானே போய்க் காத்தாடியைப் போட்டேன். அப்பா அதற்கு நேர்கீழே உட்காராமல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"யாராச்சும் கேட்டா நீதான் போட்டேன்னு சொல்லிரும்மா," என்றார்.