கஸ்பருக்குக் காது இல்லை என்றேன்

வட்டவளை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் கஸ்பரும் நானும் தினமும் சண்டை போடுவோம். எந்தக் காலத்துக்கும் சிறந்த சினிமாப் பாட்டுக் கசெட் எந்தப் படத்துடையது என்பதுதான் சண்டை. அவன் ஒரு படத்தை முதலாவது என்பான், நான் வேறொன்றைச் சொல்வேன்.

"என் கசெட்டுல இருக்க தாலாட்டு மாதிரி உன்னோடதுல ஒன்னு இருக்கா? ஒனக்குக் காதே இல்லடா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். கஸ்பரிடம் கசெட் போடும் பெட்டி இருந்ததில்லை. ரேடியோவில் வந்த பாட்டுகள் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவான்.

போன மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். தங்கக்கட்டி. அந்தத் தாலாட்டைப் பாடினால்தான் தூங்குவாள். மருமகன் நிரஞ்சன் அதைப் போனில் தேடிப் போட்டார். கஸ்பர் சொல்லும் படத்தின் பெயர் வந்தது.

"மாமா, அப்பல்லாம் ரெக்கோடிங் பார் கடையில வெத்துக் கசெட்டுல பாட்டு அடிச்சுக் குடுக்கிறப்ப, நாடா மிச்சமிருந்தா வேற படத்துப் பாட்டையும் சேத்துருவாங்களாம்."

பேத்தி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கும்போதே, அந்தத் தாலாட்டு அவன் படத்துப் பாட்டுதான் என்று கஸ்பரிடம் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா நீ எம் படத்துக்காகத்தான் என்னைய ஏசியிருக்க, மாயாண்டி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.