ஒன்றே முக்கால் கிலோவும் நூறு கோடி சூரியனும்

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த வருடங்களில் நான் மாத்தளைப் பக்கம் மெயின் ரோட்டோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் கைட்டாக வேலை பார்த்தேன். சண்டை நின்றதும் வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். சீகிரியாவுக்குப் போகிற வழியில் எங்களிடம் இறங்கி, ஏலக்காயை முகர்ந்து, கொக்கோக் காயைப் படம் பிடித்து, ஓசியில் ஐந்து நிமிடம் தோளைப் பிடித்துவிடச் சொல்லி உட்கார்ந்து, கடைசியில் கடைக்குள் போவார்கள். அவர்களைக் கடைக்குள் போக வைப்பதுதான் என் உத்தியோகம். மற்றதெல்லாம் அலங்காரம்.

முடி கொட்டினால் ஒரு போத்தல், மூட்டு வலித்தால் ஒரு போத்தல், தூக்கம் வராவிட்டால் ஒரு போத்தல். அதிகம் விற்றது உடம்பு இளைக்கிற மருந்து. காலையிலிருந்து மாலை வரை பருத்த மனிதர்களுக்கு எடை குறைக்க வழி சொல்லிவிட்டு, எடை ஏறாத பிள்ளை இருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நான் பஸ் பிடித்துப் போவேன்.

பிள்ளை எங்களுக்கு இரண்டாவது. மூத்தது ஏழாம் மாதத்தில் வயிற்றோட்டம் கண்டு போய்விட்டது. இது பிறக்கும்போது ஒன்றே முக்கால் கிலோ. ஐந்து மாதம் முடிந்தும் நாலு கிலோவைத் தொடவில்லை. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தராசைத் தொங்கவிட்டு மிட்வைஃப் நிறுப்பார். நிறுத்ததை அட்டையில் புள்ளியாக வைப்பார். அட்டையில் மேல்நோக்கி வளைந்து போகும் கோடுகள் அச்சடித்திருக்கும். எங்கள் பிள்ளையின் புள்ளிகள் எல்லாக் கோட்டுக்கும் கீழே கிடந்தன. ஏழாம் மாதம் வரப்போகிறதே என்று நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவியும் எண்ணியிருப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் நான் ஒரு வேலை செய்தேன். பால்மாவை டின்னில் போட்டிருந்த அளவைப்போல இரண்டு மடங்கு கெட்டியாகக் கரைத்து, பிள்ளை போதும் என்று முகத்தைத் திருப்பிய பிறகும் விடாமல் புகட்டினேன். சீக்கிரம் ஏறட்டும் என்ற எண்ணம். பிள்ளை அத்தனையையும் என் சட்டையில் கக்கியது. நாலைந்து நாள் இப்படி நடந்தது. அடுத்த நிறுவையில் இருநூறு கிராம் குறைந்திருந்தது.

“என்னாங்க, மூட்டையில அரிசி ரொப்புற மாதிரியா புள்ளைக்கு குடுப்பாங்க?” என்று மிட்வைஃப் எல்லோர் முன்னாலும் ஏசினார். “ஒரேயடியா ஏத்துனா ஏறாது. தாய்ப்பால மொதல்ல குடுங்க. பத்தாததுக்கு மட்டும் சரியான அளவுல கரைச்சு, கொஞ்சமா, அடிக்கடி குடுங்க.”

கொஞ்சமாகக் கொடுத்து எப்படி எடை ஏற்றுவது? இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவர் அவர்.

அடுத்த வாரம் வந்த டூர் பஸ்ஸில், அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மா ஒருவர் தோள் பிடிக்க வேண்டாம் என்றார். கடைக்கும் வரமாட்டாராம். மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். விடுவேனா? உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எங்கள் வழக்கமான கேள்வியைப் போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலையில்தான் கஷ்டம் என்றார். தொலைநோக்கியால் வானத்தைப் பார்க்கிற வேலை. அங்கே சில கருந்துளைகள் இருக்கவேண்டியதைவிடப் பெரிதாக இருக்கின்றனவாம்.

இளைக்கிற மருந்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

என் கார்டன் இங்கிலீஷுக்குத் தக்கபடி அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தூரத்து வெளிச்சம் நம்மிடம் வந்துசேர வெகுகாலம் பிடிக்கும். அதனால் மிகமிகத் தூரத்தைப் பார்த்தால், பிரபஞ்சம் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தைப் பார்க்கலாம். இன்றைய வயதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத அந்தக் காலத்திலேயே, நூறு கோடி சூரியன்களின் எடையோடு கருந்துளைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி விண்மீன் மண்டலங்களும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பொதுவாகப் பெரிய மண்டலத்தின் நடுவில் பெரிய துளை, சின்னதில் சின்னது. எது எதை வளர்த்தது என்று சொல்ல முடியவில்லை. அதெல்லாம் போகட்டும், அத்தனை கொஞ்சக் காலத்தில் அத்தனை எடை எப்படி ஏறியது என்பதுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

“நிறையச் சாப்பிட்டிருக்கும்,” என்றேன்.

அப்படி முடியாது என்றார். உள்ளே விழப்போகிற வாயு சூடேறி வெளிச்சம் விடும். அதிகமாக விழுந்தால் வெளிச்சமும் அதிகம். அந்த வெளிச்சமே பின்னால் வருகிற தீனியை வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் இவ்வளவுதான் உள்ளே போகலாம் என்று ஒரு எல்லை உண்டு.

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் அவர் ஒரு கோடு வரைந்தார். எடை கூடக்கூட அந்த எல்லையும் கூடுமாம். இடைவிடாமல் தின்றால் மெதுவாகத் தொடங்கி விறுவிறென்று ஏறலாம். அப்படியும் காலம் போதவில்லை. தொடக்கத்திலேயே விதை பெரிதாக இருந்திருக்கலாம். இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். சில வேளை எல்லையை மீறியும் தின்றிருக்கலாம். எது சரியென்று தனக்குத் தெரியாது என்றார். எங்கள் கார்டனில் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும்.

கோட்டைப் பார்த்ததும் எனக்கு மிட்வைஃபின் அட்டைதான் கண்ணுக்கு வந்தது. சின்னதாகத் தொடங்கினவை எல்லாம் வளர்ந்துவிடுமா என்று கேட்டேன். இல்லை, பெரும்பாலானவை சின்னதாகவே நின்றுவிடும் என்றார். தீனி கிடைக்காதவை வெளிச்சம் விடுவதில்லை. ஆகவே அவை கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. தெரிகிறவற்றைப் பற்றித்தான் தாங்கள் எழுதுகிறோம் என்றார்.

எனக்கு மூத்தது ஞாபகம் வந்தது. அடக்க முடியாமல் அவரிடம் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் விலைப்பட்டியலை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு, பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரியாது, மிட்வைஃப் சொல்வதைக் கேள் என்றார். பஸ் ஹார்ன் அடித்தது. ஒரு போத்தல்கூட வாங்காமல் போய்விட்டார். முதலாளி என்னை ஏசினார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கருந்துளையின் எல்லையை விளக்கினேன்.

“மிட்வைஃப் சொன்னா கேக்க மாட்டீங்க,” என்றாள். “ஆகாசத்துல உள்ளது சொன்னா மட்டும் கேப்பீங்களாக்கும்.”

ஆனாலும் அன்றிலிருந்து நான் டின்னில் போட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு கரண்டி போடவில்லை. அவள் கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து மடுவத்துக்கு நேரத்துக்கு நேரம் வந்து பால் கொடுத்துவிட்டு ஓடினாள். வீட்டில் இருந்த நேரத்தில் நான் தேக்கரண்டியால் கொடுத்தேன். பிள்ளை முகத்தைத் திருப்பினால் நிறுத்தினேன். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நிறுவையில் நாலு கிலோ முந்நூறு. மிட்வைஃப் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்துவிட்டுப் புள்ளியை வைத்தார். இன்னும் எல்லாக் கோட்டுக்கும் கீழேதான். ஆனால் பழைய புள்ளிகளையும் புதுப் புள்ளியையும் பேனாவால் சேர்த்தபோது எங்கள் கோடும் மேலே பார்த்து வளைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் மனைவி முன்னால் நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: “மூத்ததுக்கும் இப்புடி பொறுமையா குடுத்திருந்தா, இருந்திருக்குமாங்க?”

“இல்ல. அது வயித்தோட்டம், வேற வருத்தம்,” என்றேன்.

ஆட்களைக் கடைக்குள் அனுப்ப எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதையும் அவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை. அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.