பூசாமல் விட்ட ஒரு முழம்

புரூக்ளினில் எங்கள் யூதத் தெருவின் பாதிச் சுவர்கள் நஃப்தலி வெள்ளையடித்தவை. மீதிச் சுவர்களைத் திட்டிக்கொண்டே நடப்பான். முப்பது வருஷமாக அவனுக்கு ஏணி பிடிப்பவன் நான். திட்டில் எனக்கும் பங்கு உண்டு.

அவனுக்கு ஒரே பெண், ஃபிரேடல். போருக்குப் பிறகு போலந்திலிருந்து தன்னந்தனியாக வந்த செலிக் என்ற ஓவியனைக் கட்டிக்கொண்டாள். மருமகனும் தூரிகை பிடிக்கிறவன்தான் என்று நஃப்தலிக்கு முதலில் ஒரே குஷி. படத்தைப் பார்த்ததும் குஷி போயிற்று. மூக்கில்லை, மரமில்லை, மாடில்லை. பன்னிரண்டடித் துணியில் கறுப்பும் சிவப்பும் வழிந்துகொண்டிருந்தன.

“இப்படி நான் ஒழுகவிட்டா வீட்டுக்காரி என்னை ஏணியோட வெளிய தள்ளுவா!” என்றான். அதன்பின் நாலு வருஷம் மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எட்டு மாத வயிற்றோடு ஃபிரேடல் ஒருநாள் எங்கள் ஏணியடியில் வந்து நின்றாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை அவரோட கண்காட்சி. நீ வரலேன்னா குழந்தையப் பாக்கவும் வராதே.”

“கேட்டியாடா ஃபிஷல்? இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள என்னைத் தள்ளி வைக்குது!”

சிரித்தான், ஆனால் பாதிச் சுவரோடு ஏணியை விட்டு இறங்கிவிட்டான். அவனுடைய ஐந்து அண்ணன் தம்பிகளும் போலந்தில்தான் இருந்தார்கள். போருக்குப் பிறகு ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. பிறக்கப்போவதுதான் அவன் வம்சம்.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஒரு கண்ணாடிக்காரர் படத்தின் முன் நின்று, “பிரபஞ்சம்!” என்று பெருமூச்சு விட்டார்.

“பிரபஞ்சமாம். ஓதம் ஏறின சுவரு,” என்றான் நஃப்தலி, எல்லோருக்கும் கேட்கும்படி. ஃபிரேடல் முகம் சிவந்தது.

அப்போதுதான் வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். நடுவில் ஒரு சதுரம் மட்டும் வெறும் துணி. எருசலேமில் எங்கள் ஆலயம் இடிந்த நினைவாக, வீட்டில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் முழத்துக்கு முழம் பூசாமல் விடுவது எங்கள் வழக்கம். அசிங்கமாக இருக்கிறதென்று வீட்டுக்காரிகள் கத்துவார்கள். நஃப்தலி ஒருத்தியிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது நேரே போய்ப் படத்தின்மேல் முழங்கையை வைத்து அளந்தான். சரியாக ஒரு முழம். அந்தக் கிழட்டு முரடன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

செலிக் ஓடிவந்தான். “மாமா, பொய் சொல்ல மாட்டேன். வழக்கத்துக்காக விடல. பெயிண்டு தீந்துபோச்சு.”

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பொய் சொல்லத் தெரியாத மருமகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“மறுநாள் வாங்கிட்டு வந்தேன், மாமா. தூரிகையை எடுத்தா போருல அழிஞ்சுபோன எங்கம்மா வீடு ஞாபகம் வருது. மூணு நாள் நின்னு பாத்தேன். பூச முடியல.”

நஃப்தலி மூக்கைச் சிந்தினான்.

“அதுக்குத்தானேடா விடறது, மடையா.”

பிறகு மகளைப் பார்த்து உறுமினான்: “குழந்தை படுக்கப்போற அறையை யாரு பூசினா? இவனா? நாளைக்குக் காலையில ஏணியோட வரேன். அதுவரைக்கும் இவன் எதுலயும் கை வைக்கக் கூடாது!”