நூற்றிருபதிலும் நிமிர்ந்து உட்காருபவள்

வண்டியில் ஏறியதும் மோகனப்ரியா முதலில் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். ஓசூரில் அவள் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் சோதனை ஓட்டப் பாதையில், மற்ற ஓட்டுநர்கள் டேங்கின்மேல் கவிழ்ந்து படுத்து, காற்றை ஏமாற்றி, வேகமுள்ளை இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஏற்றிக் காட்டுவார்கள். இவள் படுக்கமாட்டாள். மேலதிகாரிகள் கேட்டால் சொல்வாள்:

"இது க்ரூஸர் சார். வாங்கறவரு பொண்டாட்டிய பின்னால உக்கார வெச்சி ஒகேனக்கல் போவாரு. படுத்துக்கிட்டா ஓட்டுவாரு?"

முந்நூற்றைம்பது சிசி, தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில். நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டினால் வண்டி நூற்றிருபதைத் தொடும். அதற்குமேல் கெஞ்சினாலும் போகாது. விளம்பரத்துக்கு நூற்றிருபத்தைந்து வந்தால் நன்றாயிருக்கும் என்று பிரிவுத் தலைவர் குருமூர்த்தி இழுத்தபோதும் அவள் நூற்றிருபது என்றே எழுதினாள்.

வேலை முடிந்து மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குத் தன் ஸ்கூட்டரில் போகும்போது முப்பத்தைந்தைத் தாண்டமாட்டாள். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்துவார்கள். "டூட்டி முடிஞ்சிபோச்சிண்ணா" என்று ஓரம் ஒதுங்கிக் கையசைப்பாள்.

பங்குனியில் ஒருநாள், நூற்றுப்பன்னிரண்டில் போய்க்கொண்டிருந்தபோது சோதனைப் பாதையில் ஒரு மயில் வந்து இறங்கியது. அதைத் தவிர்க்கப் போய் விழுந்தாள். தோளில் காறை எலும்பு முறிந்தது. பார்க்க வந்த எல்லோரிடமும் முதலில் சொன்னது, "மயிலுக்கு ஒண்ணும் ஆவல."

நான்கு மாதம் கழித்துத் திரும்பினாள். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் முள் தொண்ணூற்றைந்துக்கு வந்ததும் ஆக்ஸிலேட்டரைப் பிடித்த விரல்கள் தாமாகவே தளர்ந்தன. ஒரு வாரம் முழுக்க அப்படியே. அறிக்கையில் அவள் மறைக்கவில்லை: 'அதிகபட்ச வேகம் 95. வண்டியில் குறை இல்லை. ஓட்டுபவளின் கை நின்றுவிட்டது.'

குருமூர்த்தி அதை இரண்டு முறை படித்தார். "ஆபீஸ்ல ஒரு சீட் காலியா இருக்கும்மா. தப்பா எடுத்துக்காத."

"திங்கக்கெழம சொல்றேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரையிலிருந்து அப்பா பொன்னுசாமி பை நிறைய அவரைக்காயோடு வந்தார். விழுந்த நாளிலிருந்து வேலையை விடச் சொல்லிக்கொண்டே இருந்தவர். அவளே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் நார் உரித்துக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தார்.

"வண்டி எவ்ளோ போவும்?"

"நூத்தியிருவதுப்பா."

"அப்ப இன்னும் இருவத்தஞ்சு" என்றார். வேலையை விடு என்று அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அவரைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்து நின்றது. மகள் ஓட்டும் வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை, பயம். அன்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். வேட்டியை மடித்துக் கட்டி, அவள் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"போ பாப்பா."

பத்து மணிக்கு அவள் சோதனைப் பாதையில் இருந்தாள். தொண்ணூற்றைந்து வந்தது. பிடி தளரவில்லை. நூறு. நூற்றுப்பத்து. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நிமிர்ந்தே இருந்தாள். முள் நூற்றுப்பத்தொன்பதில் நின்றது.

"ஒண்ணு கொறையுதேம்மா" என்றார் குருமூர்த்தி. முகமெல்லாம் சிரிப்பு.

"எதிர்காத்து சார்" என்றவள், 119 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஓய்வறைக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பேருந்து இரைச்சல்.

"அப்பா, நூத்திப்பத்தொம்பது."

"ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் போனை அணைக்க மறந்து அப்படியே சட்டைப்பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. துணி உரசும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவது கேட்டது. "எம்பொண்ணுதாங்க. ஓசூர்ல பெரிய வண்டி ஓட்டுறா. நூத்தியிருவதுல போறா."

மோகனப்ரியா போனை வைக்கவில்லை. நடத்துநர் "மத்தூர், மத்தூர்" என்று கூவும்வரை, ஒரு கையுறையைக்கூடக் கழற்றாமல், அதைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.